மெக்சிகோ எல்லை: 1848-இல் முடியாத கணக்கு

ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். தங்கள் ஞாயிறு இணைப்பில் அமெரிக்க-மெக்சிகோ எல்லை குறித்து வந்த கட்டுரையுடன் ஒரு வரைபடமும் அச்சாகியிருந்தது. அதில் இன்றைய எல்லைக்கோடு முழுவதற்கும் 1848 என்ற ஒரே ஆண்டு குறிக்கப்பட்டுள்ளது. சுமார் 3,145 கிலோமீட்டர் நீளும் அந்தக் கோட்டின் பெரும்பகுதிக்கு அது பொருந்தும். அரிசோனா, நியூ மெக்சிகோ மாநிலங்களின் தென்பகுதிக்குப் பொருந்தாது. மாணவர்கள் கத்தரித்து வைத்துக்கொள்ளும் பக்கம் என்பதால் திருத்தம் வெளியிட வேண்டுகிறேன். 1846-48 அமெரிக்க-மெக்சிகோ போரில் வென்றவன் கிழித்த கோடு என்று கட்டுரையாளர் ஒரே வாக்கியத்தில் முடித்துவிட்டதும் சரியெனப் படவில்லை. அந்தப் போருக்கு வழிவகுத்தவற்றுள் ஒன்று, கைதி ஒருவரிடம் வாங்கப்பட்ட கையெழுத்து.

1819-இல் அமெரிக்காவும் ஸ்பெயினும் செய்துகொண்ட உடன்படிக்கை, சபைன் ஆற்றில் தொடங்கி, ரெட், ஆர்கன்சா ஆறுகளின் வழியே 42-ஆம் அட்சரேகையைப் பிடித்துப் பசிபிக் கடல் வரை எல்லையை வகுத்தது. விடுதலை பெற்ற மெக்சிகோவுடன் 1828-இல் அமெரிக்கா அதே எல்லையை மீண்டும் ஏற்றுக்கொண்டது. ஆகவே டெக்சாஸ் மெக்சிகோவுக்கு உரியது என்பதில் அப்போது இரு அரசுகளுக்கும் வழக்கு ஏதுமில்லை. வழக்கைக் கொண்டுவந்தவர்கள் அங்கே குடியேறிய அமெரிக்கர்கள். 1829-இல் மெக்சிகோ அடிமை முறையை ஒழித்ததும், 1830-இல் அமெரிக்கக் குடியேற்றத்தைத் தடை செய்ததும், பின்னர் அதிகாரங்களை மத்திய அரசு தன் கைக்குள் இழுத்துக்கொண்டதும் சேர்ந்து, 1836 மார்ச் மாதத்தில் தனி நாடு என்ற அறிவிப்பில் முடிந்தன.

அடுத்து நடந்ததைக் கட்டுரை அறவே விட்டுவிட்டது. ஏப்ரல் 21-இல் சான் ஹசின்டோவில் தோற்று மறுநாள் பிடிபட்ட மெக்சிகோ அதிபர் சாண்டா அன்னா, மே 14-இல் வெலாஸ்கோ என்ற ஊரில் இரண்டு ஆவணங்களில் கையெழுத்திட்டார். ஒன்று வெளிப்படையானது, மற்றொன்று இரகசியமானது. மெக்சிகோ படைகள் ரியோ கிராண்டே ஆற்றுக்கு அப்பால் விலக வேண்டும் என்றது முதலாவது. டெக்சாஸின் எல்லை அந்த ஆற்றைத் தாண்டாது என்றது இரண்டாவது. சிறைப்பட்டவர் செய்யும் எந்த ஒப்பந்தமும் செல்லாது என்று மெக்சிகோ நாடாளுமன்றம் அறிவித்துவிட்டது. மெக்சிகோவின் மாகாணமாக இருந்த காலத்தில் டெக்சாஸின் தென் எல்லை, ரியோ கிராண்டேவுக்கு வடக்கே ஓடும் நியூசஸ் ஆறுதான். இருந்தும் டெக்சாஸ் சட்டமன்றம் அதே ஆண்டு டிசம்பரில் ரியோ கிராண்டே முழுவதையும், அது தோன்றும் இடம் வரையில், தன் எல்லையாகச் சட்டமியற்றியது. கடலோரத்தில் இரண்டு ஆறுகளுக்கும் இடையே சுமார் 200 கிலோமீட்டர். டெக்சாஸ் அரசு ஒரு நாளும் ஆண்டறியாத சாண்டா ஃபே நகரமும் இந்தச் சட்டத்தால் காகிதத்தில் அதற்குச் சொந்தமாயிற்று.

1845-இல் டெக்சாஸைத் தன்னுடன் இணைத்துக்கொண்ட அமெரிக்கா, இந்த உரிமைக் கோரிக்கையையும் சேர்த்தே எடுத்துக்கொண்டது. அதிபர் ஜேம்ஸ் போல்க் ஒரே நேரத்தில் இரண்டு காய்களை நகர்த்தினார். கலிபோர்னியாவையும் நியூ மெக்சிகோவையும் விலைபேச ஜான் ஸ்லைடெலைத் தூதராக அனுப்பினார்; கலிபோர்னியாவுக்கு மட்டும் இரண்டரைக் கோடி டாலர் வரை தரலாம் என்பது அவருக்கு இடப்பட்ட கட்டளை. டெக்சாஸ் இணைப்பைக் கண்டித்து உறவையே முறித்திருந்த மெக்சிகோ, முழு அதிகாரம் பெற்ற தூதராக அவரை ஏற்றால் இணைப்பையே ஏற்றதாகிவிடும் என்று அஞ்சி, அவரைப் பார்க்க மறுத்தது. பேச்சுக்கு இணங்குவது போலத் தோன்றிய குற்றத்துக்காகவே அதிபர் எர்ரேராவின் ஆட்சி கவிழ்ந்தது. 1846 ஜனவரியில் தளபதி சக்கரி டெய்லரை ரியோ கிராண்டே கரைக்குச் செல்லுமாறு போல்க் உத்தரவிட்டார். ஏப்ரல் 25-இல் அந்த இரு ஆறுகளுக்கு இடைப்பட்ட நிலத்தில் மெக்சிகோ குதிரைப்படை ஓர் அமெரிக்கக் காவல் பிரிவைத் தாக்கியது. இந்தச் செய்தி வாஷிங்டனை எட்டுவதற்குச் சில மணி நேரம் முன்பே, போர் அறிவிப்பைக் கோரும் முடிவை மே 9-இல் போல்க் தம் அமைச்சரவையில் எடுத்துவிட்டார் என்பதை அவரது நாட்குறிப்பே காட்டுகிறது. செய்தி வந்தபின் காரணம் மட்டும் மாறியது: அமெரிக்க மண்ணில் அமெரிக்க இரத்தம் சிந்தப்பட்டுவிட்டது என்று நாடாளுமன்றத்திடம் சொன்னார். அந்த மண் எந்த இடம் என்று காட்டுங்கள் என 1847 டிசம்பரில் தீர்மானம் கொண்டுவந்த புதிய உறுப்பினர் ஆபிரகாம் லிங்கன்.

போரின் போக்கைக் கட்டுரை விரிவாகவே சொல்லியிருக்கிறது. 1847 செப்டம்பரில் மெக்சிகோ நகரம் வீழ்ந்த பிறகு நடந்ததுதான் வியப்பானது. பேச்சுவார்த்தைக்கு அனுப்பப்பட்ட நிக்கோலஸ் டிரிஸ்டைப் போல்க் திரும்ப அழைத்தார். இன்னும் அதிக நிலம் கேட்கலாம் என்ற ஆசை தலைநகரில் வளர்ந்திருந்தது. இப்போது விட்டால் உடன்படிக்கை செய்ய மெக்சிகோவில் ஓர் அரசே மிஞ்சாது என்று கருதிய டிரிஸ்ட், உத்தரவை மீறித் தங்கி, 1848 பிப்ரவரி 2-இல் குவாடலூப் ஹிடால்கோவில் ஒப்பந்தத்தை முடித்தார். தாம் முதலில் கேட்ட அனைத்தும் அதில் இருந்ததால் போல்க்கால் அதைத் தள்ள முடியவில்லை. டிரிஸ்டின் சம்பளத்தை மட்டும் நிறுத்தினார். அந்தப் பாக்கி 1871-இல்தான் அவர் கைக்கு வந்தது. டெக்சாஸையும் கணக்கில் கொண்டால் தன் நிலப்பரப்பில் பாதிக்கு மேல் இழந்த மெக்சிகோவுக்குக் கிடைத்தது ஒன்றரைக் கோடி டாலர். ஸ்லைடெல் கொண்டுவந்த விலையைவிட இது குறைவு.

இனி வரைபடத்துக்கு வருகிறேன். 1848 ஒப்பந்தத்தின்படி எல்லை ரியோ கிராண்டே வழியே நியூ மெக்சிகோவின் தென் எல்லை வரை சென்று, மேற்கே திரும்பி, கிலா ஆற்றைப் பிடித்துக் கொலராடோ ஆற்றை அடைகிறது. அந்தத் தென் எல்லை எங்கே என்பதற்கு ஒப்பந்தம் ஆதாரமாகக் காட்டியது 1847-இல் டிஸ்டர்னெல் என்ற அமெரிக்கப் பதிப்பாளர் வெளியிட்ட வரைபடம். அதில் எல் பாசோ ஊர் அரை டிகிரி அளவுக்கு வடக்கே தள்ளியும், ரியோ கிராண்டே ஏறத்தாழ இரண்டு டிகிரி கிழக்கே தள்ளியும் அச்சாகியிருந்தன. ஊரை வைத்து அளப்பதா, அட்சரேகையை வைத்து அளப்பதா என்று இரு நாட்டு ஆணையர்களும் மல்லுக்கட்டி ஒரு சமரசத்துக்கு வந்தனர். அமெரிக்க நில அளவையாளர் அதில் கையெழுத்திட மறுத்தார். இந்த வழக்கில் சிக்கிய மெசில்லா பள்ளத்தாக்கில் மறுபடியும் படைகள் எதிரெதிரே நிற்கும் நிலை வந்தது. தெற்கு வழியாகப் பசிபிக் கடலுக்கு இரயில் பாதை போட அந்த நிலம் வேண்டும் என்று அமெரிக்காவில் ஒரு தரப்பு வற்புறுத்த, 1853 டிசம்பர் 30-இல் அமெரிக்கத் தூதர் ஜேம்ஸ் காட்ஸ்டன் வழியாக விலை பேசப்பட்டு, செனட் சபை நிலத்தையும் தொகையையும் குறைத்த பின், சுமார் 77,000 சதுர கிலோமீட்டர் ஒரு கோடி டாலருக்குக் கைமாறியது. தங்கள் வரைபடத்தில் கிலா ஆற்றுக்குத் தெற்கே காணப்படும் கோடு இந்த விற்பனையில் பிறந்தது. விற்றவர், வெலாஸ்கோவில் கைதியாகக் கையெழுத்திட்ட அதே சாண்டா அன்னா. இம்முறை யாரும் அவரைச் சிறை வைத்திருக்கவில்லை.

கோட்டுக்கு வடக்கே சிக்கியவர்களைப் பற்றியும் ஒரு சொல். விரும்பிய குடியுரிமையைத் தேர்ந்தெடுக்க ஓராண்டு அவகாசமும் சொத்துக்குப் பாதுகாப்பும் தந்த, 1848 ஒப்பந்தத்தின் எட்டாம் பிரிவு நிலைத்தது. மெக்சிகோ அரசின் பழைய நில மானியங்களைக் காக்கும் பத்தாம் பிரிவைச் செனட் நீக்கிவிட்டது. கலிபோர்னியாவில் 1851-இல் வந்த சட்டம், பட்டா உண்மையென்று மெய்ப்பிக்கும் பொறுப்பை நில உடைமையாளர் மேலேயே சுமத்தியது. வழக்கில் வென்றும் வக்கீல் செலவிலும் வட்டியிலும் நிலத்தைத் தோற்றவர்கள் பலர்.

ஆறு எல்லையாக இருப்பதன் தொல்லை அதன் பிறகும் ஓயவில்லை. 1864 வெள்ளத்தில் ரியோ கிராண்டே தெற்கே நகர, எல் பாசோவை ஒட்டிய சாமிசால் என்ற, ஏறத்தாழ 600 ஏக்கர் நிலம் அமெரிக்கப் பக்கம் சேர்ந்துகொண்டது. 1911-இல் கனடிய நீதியறிஞர் ஒருவர் தலைமையிலான நடுவர் குழு, அதன் பெரும்பகுதி மெக்சிகோவுடையது என்றது. நடுவரை ஏற்ற அமெரிக்கா தீர்ப்பை ஏற்கவில்லை. 1963-இல் அதிபர் கென்னடி காலத்து உடன்படிக்கைதான் நிலத்தைத் திருப்பித் தந்தது. அதற்காக எல் பாசோவில் ஐந்தாயிரத்துக்கும் மேற்பட்டோர் வீடுகளைக் காலி செய்தனர். 1967-இல் இரு நாட்டு அதிபர்களும் நிலமாற்றத்தை முறைப்படி நிறைவு செய்தனர்; ஆறு இனியும் இடம் மாறாதிருக்க அங்கே அதற்குக் கான்கிரீட் கால்வாயும் கட்டப்பட்டது.

இப்படிக்கு,
ஓய்வுபெற்ற வரலாற்று ஆசிரியர்,
கும்பகோணம்