கோப்பிக்குப் பாத்திரம்

ஒஸ்லோ
மார்கழி 14

அன்புள்ள அம்மாவுக்கு,

நான் சுகம். நீங்களும் அப்பாவும் சுகமாயிருக்கக் கோணேசரை வேண்டுகிறேன்.

நீங்கள் அனுப்பிய கோப்பித்தூள் போன கிழமை கிடைத்தது. பையைப் பிரித்ததும் மல்லியும் வேர்க்கொம்பும் மிளகும் ஒன்றாக மணந்தன. திருகோணமலையில் எங்கள் குசினிக்குள் நிற்பது போல இருந்தது. இங்கே இப்போது சூரியன் 9 மணிக்குப் பிறகுதான் எழும்புகிறது, 3 மணி தாண்டியதும் போய்விடுகிறது. இந்த இருட்டில் அந்த மணம் பெரிய ஆறுதல், அம்மா.

ஆனால் அதைக் காய்ச்ச நல்ல பாத்திரம் கிடைக்கவில்லை. வீட்டிலிருந்த பழைய மெஷினில் பில்டர் தாளுக்குள் தூளைப் போட்டேன். உங்கள் தூள் மாப் போல நைசு. தாள் அடைத்துக்கொண்டது, தண்ணீர் மேலால் வழிந்து மேசையெல்லாம் கோப்பி. இறங்கிய கொஞ்சமும் கீழே சூட்டுத்தட்டில் அரை மணி நேரம் இருந்து கருகல் கசப்பாகிவிட்டது.

அப்புறம் கடை கடையாகப் பார்த்தேன். வாங்குவதென்றால் தண்ணீரை 92 முதல் 96 பாகை வரை சூடாக்கி, 4 முதல் 6 நிமிடத்துக்குள் வடித்துவிடும் மெஷினைத்தான் வாங்க வேண்டும். கண்ணாடிக் குடத்தை விட, சூட்டுத்தட்டு இல்லாத பிளாஸ்க் குடம் நல்லது. இத்தாலிக்காரரின் மோக்கா பாத்திரத்தில் ஆவி தண்ணீரை மேலே தள்ளும், கோப்பி நல்ல கடுப்பம். ஆனால் நாங்கள் நான்கு பேருக்கு அது காணாது. எஸ்பிரெசோ மெஷின் விலையைக் கேட்டதோடு சரி.

இப்படி யோசித்துக்கொண்டிருந்தபோது, வேலையிடத்து நோர்வே அக்கா ஒருவர் தங்கள் பழைய முறையைக் காட்டினார். கேத்திலில் தண்ணீரைக் கொதிக்க வைத்து இறக்கி, பருமனான தூளைப் போட்டு மூடி, மண்டி அடியில் இறங்கும்வரை பொறுத்து, மெதுவாக ஊற்றினார். எனக்குக் கண் கலங்கிவிட்டது. நீங்கள் விடியற்காலையில் செய்வது அதேதானே! எனக்கு மெஷின் வேண்டாம், ஒரு கேத்தில் வாங்கிவிட்டேன்.

அப்பாவுக்கு மட்டும் வேறு ஏற்பாடு. 1983-இல் இந்த நாட்டின் வடக்கிலுள்ள ட்ரொம்சோ நகரத்து ஆய்வாளர்கள், கோப்பி நிறையக் குடிப்பவர்களுக்கு இரத்தத்தில் கொலஸ்ட்ரோல் கூடுதலாக இருப்பதைக் கண்டார்கள். இப்படிக் கொதிக்க வைத்த கோப்பியால்தான் அது கூடுகிறது என்று பிறகு தெரிந்தது. கோப்பியிலுள்ள எண்ணெய்ப் பொருள்தான் காரணம். தாளில் வடித்தால் அது பெரும்பாலும் தாளிலேயே நின்றுவிடும். 1908-இல் ஜெர்மனியில் மெலிட்டா பென்ட்ஸ் என்ற அம்மா, தன் பிள்ளையின் பள்ளிக்கூடக் கொப்பியிலிருந்த மையொற்றுத் தாளில் வடித்துப் பார்த்துத்தான் இந்தத் தாள் முறையையே தொடங்கினாராம். அப்பாவிடம் டொக்டர் கொழுப்பைக் குறைக்கச் சொன்னாரே, அதனால்தான் இவ்வளவும் எழுதுகிறேன்.

தை மாதம் ஊருக்கு வரும் என் சிநேகிதியிடம் ஒரு பிளாஸ்டிக் கூம்பும் 100 தாளும் கொடுத்து விடுகிறேன். கூம்பைக் கோப்பைக்கு மேல் வைத்து, கொதித்து ஒரு நிமிடம் ஆறிய தண்ணீரைக் கொஞ்சம் கொஞ்சமாக விடுங்கள். அப்பாவின் தூளை மட்டும் ரவை பருமனில் இடித்து நிறுத்துங்கள், நைசாக அரிக்க வேண்டாம். தண்ணியாக இருக்கிறது என்பார். தூளை இன்னொரு கரண்டி கூட்டிப் போடுங்கள், பழைய கேத்திலை மட்டும் எடுத்துக் கொடுத்துவிடாதீர்கள்.

எனக்கு அடுத்த முறை அனுப்பும் தூளில் மிளகைக் கொஞ்சம் கூட்டுங்கள். இங்கே குளிர் அதிகம்.

உங்கள் அன்பு மகள்