எங்க ஊரு ஆஸ்பத்திரிக்கு பல் டாக்டர் கேட்டு மறுபடியும் ஒரு மனு

பெறுநர்: மாவட்ட சுகாதார அலுவலர் அவர்கள், திருநெல்வேலி

மதிப்பிற்குரிய ஐயா, வணக்கம். திங்கக்கெழம கலெக்டர் ஆபீஸ்லயும் மனு குடுத்தோம், தபால்லயும் போட்டோம், ரசீது கையில இருக்கு, பதிலத்தான் காணோம். முக்கூடல் பக்கம் எங்க ஊரு உங்களுக்கு தெரியாததில்ல, வீட்டுக்கு வீடு பீடித்தட்டுதான்.

1. ஆரம்ப சுகாதார நிலையத்துல பல்லு பாக்குற சேர் இருக்கு, டாக்டர் இல்ல. சேர் மேல அட்டப்பெட்டி அடுக்கியிருக்காவ.

2. அதனால பல்லு வலிச்சா மெடிக்கல்தான். சீட்டு கேக்காம அமாக்சிசிலின்ங்கிற ஆன்டிபயாடிக், அதான் கிருமிய கொல்லுற மருந்து, நாலு மாத்திரைய கத்தரிச்சு குடுக்காவ. அட்டையில செவப்பு கோடு போட்டு டாக்டர் சீட்டு வேணும்னு இருக்கு, யாரு பாக்கா?

3. இதுதான் ஐயா தாங்கல. எங்க அத்தைக்கு கீழ் கடவாப்பல்லு. அமாக்சிசிலின் கேக்கல, மெட்ரோனிடசோல் சேத்தாவ, பொறவு அசித்ரோமைசின், வத்துறதும் வீங்குறதுமா கெடந்து கடைசியில நாடிக்கு கீழ கல்லு மாதிரி ஆயிட்டு, வாயில ஒரு வெரல் நுழையல, எச்சி முழுங்க முடியாம துண்டுல வடிய வடிய ராத்திரி ஆட்டோவுல பாளையங்கோட்டைக்கு கொண்டு போனோம். அங்க டாக்டரம்மா கீறி சீழ எடுத்துட்டு சொன்னாவ, செத்த பல்லுக்குள்ள ரத்தம் ஓடாது, மருந்து எப்படி போய் சேரும், வேர சுத்தம் பண்ணணும் இல்ல பல்ல எடுக்கணும், மாத்திர மட்டும் போட்டா திரும்பத்தான் செய்யும்னு. சீழ்ல கிருமி ஒண்ணு ரெண்டு இல்லியாம். பிரிவோடெல்லான்னு ஒண்ணு, அதுல சிலது அமாக்சிசிலினையே ஒடைச்சிருமாம், ஸ்ட்ரெப்டோகாக்கஸ்ங்கிற இன்னொரு கிருமிய மெட்ரோனிடசோல் தொடாதாம். அரைகுறையா முழுங்க முழுங்க மருந்துக்கு அடங்காத கிருமிதான் மிஞ்சும்னாவ. வீக்கம் இன்னும் கழுத்துக்கு எறங்கிருந்தா மூச்சடைச்சிருக்கும். யாரு பொறுப்பு?

4. என் மக நர்சிங் படிக்கா. 2019ல அமெரிக்க பல் மருத்துவ சங்கம் சொன்னத காட்டுனா: பல்லுக்கு உடனே வைத்தியம் கெடைச்சா நல்லா இருக்கிறவங்களுக்கு பெரும்பாலும் ஆன்டிபயாடிக்கே வேண்டாம், காய்ச்சல், பரவுற வீக்கம்னா குடுக்கலாம். உடனே கெடைச்சா! எங்களுக்கு எங்க கெடைக்கு?

5. மருந்து ஆய்வாளர அனுப்புங்க, வேண்டாங்கல. ஆனா டாக்டர போடாம மெடிக்கல மட்டும் மிரட்டுனா அந்த நாலு மாத்திரையும் போச்சு. ஒரு நாள் பீடி சுத்தலைன்னா ஒரு நாள் கூலி இல்ல, பாளையங்கோட்டைக்கு எத்தன தடவ போக முடியும்?

வாரத்துக்கு ரெண்டு நாளாவது பல் டாக்டர் வரணும் ஐயா. கையெடுத்து கும்பிட்டு கேக்கோம், பல் டாக்டர அனுப்புங்க. இதுக்கும் பதில் வரலன்னா எல்லாரும் உங்க ஆபீஸ்க்கே வந்து உக்காருதோம்.

இப்படிக்கு,
பீடி சுத்துற பெண்கள், ஊர் பொதுமக்கள்