வகுப்புக்குப் போ, தம்பி

அன்புள்ள கதிருக்கு,

அம்மா கொடுத்துவிட்ட முறுக்கு வந்து சேர்ந்ததா? டப்பாவை இறுக மூடி வை, நமுத்துவிடும். தெற்குத் தெரு மாமா பையனுக்குச் செமஸ்டர் ரிசல்ட் வந்துவிட்டதாம். அவன் வேறு கல்லூரிதானே, உங்களுக்கு எப்போதோ. நான் கேட்கவில்லை, அம்மாதான் கேட்டாள்.

வகுப்பைத் தவற விடாதே. 75 சதவீத வருகைக்காகச் சொல்லவில்லை. ஒரு நாள் விட்டால் மறுநாள் புரியாது, புரியாத இடத்துக்குப் போகக் கால் வராது. பள்ளி வாசலில் உன் ஃபிளெக்ஸ் இன்னும் இருக்கிறது. வெயிலில் வெளுத்து, கட்-ஆஃப் 192 என்பது மட்டும் பளிச்சென்று தெரிகிறது. கணக்கில் நூற்றுக்கு நூறு வாங்கியவனுக்கு அப்பாவின் போனை எடுக்கப் பத்து நாளாக நேரமில்லை. சரி, இருக்கட்டும்.

போன மாதம் ஆசிரியர் பயிற்சியில் ஒரு பேராசிரியர் பேசினார். கல்லூரியில் யார் நன்றாக வருவார்கள் என்று ஆராய்ந்தால், குணங்களில் முன்னால் நிற்பது சொன்ன வேலையைச் சொன்ன நாளில் முடிக்கிற ஒழுங்குதானாம். புத்திசாலித்தனத்துக்குக் கிட்டத்தட்ட சமமாக வருமாம். அமெரிக்காவில் பல ஆய்வுகளில், எஸ்ஏடி என்கிற கல்லூரி நுழைவுத் தேர்வைவிடப் பள்ளி மதிப்பெண்தான் அதை நன்றாக முன்கூட்டிச் சொல்கிறதாம். நாலு வருடத்துத் தினசரிப் பழக்கம் அதில் பதிந்திருக்கிறதே, அதனால். மற்றவர்கள் குறிப்பெடுத்தார்கள். எனக்குப் பேனா ஓடவில்லை.

உன் 192-இல் பதிந்திருப்பது யாருடைய பழக்கம்? நாலரை மணிக்கு எழுப்பியது நான். சுவரில் டைம்டேபிள் ஒட்டியது நான். பிசிக்ஸில் உனக்கு எது புரியவில்லை என்று டியூஷன் சாரிடம் போய் நின்றதும் நான். 'சார், புரியவில்லை' என்று நீ வாய் திறந்து சொல்ல ஒரு நாளும் விட்டதில்லை. ஊரில் சால்வை போட்டபோது கூச்சமில்லாமல் பக்கத்தில் நின்றேன். முப்பது வருடம் வாத்தியாராக இருந்து, சொந்தப் பிள்ளைக்கு இதைச் செய்திருக்கிறேன்.

வகுப்புக்குப் போ. புரியாததை அங்கேயே கேள், முதல் தடவைதான் நாக்கு குழறும்.

ஒரு பேப்பர் போயிருந்தாலும் சரி, நாலு போயிருந்தாலும் சரி. பெரியப்பாவுக்குத் தாத்தா செய்ததை நான் செய்ய மாட்டேன். ஞாயிற்றுக்கிழமை அம்மா கோயிலுக்குப் போய்விடுவாள். பத்து மணிக்கு மேல் கூப்பிடு.

அப்பா