பனிமூட்டத்தில் தெரிகிற எழுத்து

அப்புத்தளை
10.08.2025

அன்பு மகளுக்கு,

தேயிலைப் பொதியும் போஸ்டரும் வடிவமைக்கிற உன் பாடவேலைக்கு நீ கேட்ட போட்டோக்களைத் தம்பி எடுத்து முடித்துவிட்டான். நான் கையால் எழுதிய பெயர்ப்பலகைகளில் இன்னும் உயிரோடு இருப்பவை பதினொன்றுதான். ஒரு சலூன், இரண்டு மரக்கறிக் கடைகள், முருகன் கோயில் வாசல், பழைய தையல் கடை, இப்படி. ஒரு பலகை தோட்டத்துக் கடைசி லயத்து வீட்டு வரிசையில் கோழிக்கூட்டுக்குக் கூரையாகக் கிடக்கிறது. அதையும் எடுக்கச் சொன்னேன். ‘ஸ்டோர்ஸ்’ என்ற சொல்லின் மேல் சேவல் ஒன்று காலூன்றி நிற்கிறது. அதை விரட்டாமலே எடுத்திருக்கிறான்.

“கையால் எழுதிய எழுத்துதான் இப்போது ட்ரெண்ட், அப்பா” என்று நீ அனுப்பிய குரல்பதிவை மூன்று தடவை கேட்டேன். என்ன சிரிப்பு என்று அம்மா கேட்டாள். சிரிக்காமல் என்ன செய்வது? நம் டவுனுக்குப் பிளெக்ஸ் மெஷின் வந்தபோது உனக்கு எட்டு வயது. எனக்கு இரண்டு நாள் பிடிக்கிற பலகையை, முதலாளியின் முகத்தையும் அவருடைய பேரப்பிள்ளையின் முகத்தையும் சேர்த்து, அரை மணி நேரத்தில் துப்பிக் கொடுத்தது அந்த மெஷின். அடுத்த தீபாவளிக்கு என் கையில் இருந்த ஒரே வேலை, ஒரு லொறியின் பின்கதவில் ‘அன்னை துணை’ என்று எழுதுவது. பிறகு சுவர்களுக்கு வெள்ளையடித்தேன். உன் உயர்தர டியூஷன் காசு அதில்தான் வந்தது. இன்று கொழும்புக் கோப்பிக் கடைகள் அதே எழுத்தைத் தேடிப்பிடித்து மாட்டுகின்றன என்கிறாய். கோபமில்லை. கொஞ்சம் முன்னாலேயே தேடியிருக்கலாம், அவ்வளவுதான்.

ஆனால் உன் ட்ரெண்ட் அட்டையில் என் பலகைக்குக் கீழே ‘பழைய சிலோன் அலங்காரம்’ என்று குறித்திருக்கிறாயே, அங்கேதான் எனக்கும் உனக்கும் வழக்கு. அலங்காரம் என்று நான் எதையும் செய்ததில்லை. மத்தியானம் திரும்பியதும் பள்ளத்திலிருந்து பனிமூட்டம் ஏறிவந்து நம் டவுனை எப்படி மூடும் என்று உனக்குத் தெரியும். வெள்ளைப் பலகையில் இளநீலத்தில் எழுதினால் மூன்று மணி பஸ்ஸில் வருகிறவனுக்கு அது வெறும் பலகை. அதனால்தான் மஞ்சள் பின்னணி, சிவப்பு எழுத்து, கறுப்பு விளிம்பு. நிழலைக் கீழ்ப்பக்கம் மட்டும் இழுப்பேன். மேலேயும் இழுத்தால் தூரத்திலிருந்து ‘லி’ எது ‘லீ’ எது என்று புரியாது.

சங்கத்து மே தினப் பதாகையின் படத்தைப் பார்த்து, ‘மலையகம்’ என்பதில் ‘லை’க்கு யானைத் தும்பிக்கை போட்டிருப்பது எவ்வளவு அழகு என்றாய். தமிழ்நாட்டில் 1978இல் எழுத்துச் சீர்திருத்தம் வந்து அந்தத் தும்பிக்கை போய்விட்டது. எனக்குத் தொழில் சொல்லித்தந்தவருடைய கை அதற்கு முந்தியது. நான் அதை விடாமல் வைத்திருந்தது பாசத்தால் இல்லை. புதிய ‘லை’ இரண்டு எழுத்தின் இடத்தைப் பிடிக்கும். சங்கத்தில் துணியை முழம் போட்டு அளந்துதான் தருவார்கள். ‘மலையகத் தொழிலாளர்’ என்பதை ஒரே வரியில் அடக்க வேண்டுமென்றால் தும்பிக்கையைச் சுருட்டுவதைத் தவிர வேறு வழி கிடையாது. இப்போது உன் பொதிக்கு வா. அதிலும் மஞ்சள், அதிலும் கறுப்பு விளிம்பு. கடைக்குள்ளே, மின்விளக்கின் கீழே, கைக்கெட்டும் தூரத்தில் இருக்கப்போகிற நூறு கிராம் தேயிலைப் பொதிக்கு எந்தப் பனிமூட்டம் வந்து மறைக்கப்போகிறது?

நிறத்தைப் பற்றியும் எழுதியிருந்தாய். அமெரிக்காவில் பென்டோன் கம்பனி 2025க்கான நிறம் என்று ‘மொக்கா மூஸ்’ என்ற பழுப்பை அறிவித்திருக்கிறதாம். படத்தைப் பார்த்தேன். செங்காவியில் வெள்ளையை ஊற்றி ஒரு சொட்டுக் கறுப்பு விட்டால் வருகிற நிறம்தான். லயத்துச் சுவர்களின் கீழ்ப்பாதிக்கு எத்தனை வாளி கலக்கியிருக்கிறேன் தெரியுமா? பால் தேத்தண்ணீர் நிறம் என்று சொன்னால் யாருக்கும் விளங்கும். நன்றாகத்தான் இருக்கிறது. ஆனால் ஊவாத் தேயிலையைப் பாலில்லாமல் குடித்துப் பாருங்கள் என்று முன்பக்கத்தில் எழுதிவிட்டு, பொதி முழுக்கப் பாலை ஊற்றி வைத்திருக்கிறாயே, மகளே.

தமிழ் எழுத்துக்கு வருகிறேன். எழுத்துக்கு எழுத்து அகலமாக இடம் விட்டிருக்கிறாய். இங்கிலிஷ் பெரிய எழுத்துகளுக்கு அது எடுப்பாக இருக்கும். தமிழில் ‘தேயிலை’யின் கொம்பு ஒரு பக்கம், ‘த’ ஒரு பக்கம் என்று கோபித்துக்கொண்ட புருஷன் பெண்சாதி மாதிரி நிற்கின்றன. மூன்று வருடத்துக்கு முன் கோயில் திருவிழாவுக்கு ஒரு கடையில் பேனர் அடித்தது ஞாபகமிருக்கிறதா? ‘கொடியேற்றம்’ என்பதில் கொம்பு ஓரெழுத்துத் தள்ளி விழுந்திருந்தது. புள்ளியையும் காணவில்லை. இரவு பத்து மணிக்குத் தலைவர் வந்து கதவைத் தட்டினார். எனாமல் பிடிக்காமல் வழுக்குகிற பிளெக்ஸ் மேல், டோர்ச் வெளிச்சத்தில், ஒரு கொம்பை அழித்து ஒரு கொம்பை நட்டேன். டோர்ச் பிடித்தது நீ. மென்பொருளில் நம் எழுத்துக்கென்று இருக்கிற வரிகோப்பு முறையைத் தெரிவு செய்யாவிட்டால் இப்படித்தான் உடையும் என்று பிறகு எனக்கு விளக்கியதும் நீதான். அந்தப் பிள்ளையா இந்தப் பொதியைச் செய்தது?

போஸ்டரை அம்மாவிடம் காட்டினேன். கண்ணாடியைப் போட்டுக்கொண்டு, போனைத் தள்ளிப் பிடித்து, கொஞ்ச நேரம் ஒன்றும் சொல்லவில்லை. பிறகு கேட்டாள்: “இந்தப் பெண் கொழுந்து எடுக்க வந்தவளா, கோயிலுக்குப் பூப்பறிக்க வந்தவளா?” நானும் உற்றுப் பார்த்தேன். கூடை இடுப்பில் இருக்கிறது. கயிறு தோளில் தொங்குகிறது. இடுப்பில் கட்டுகிற படங்குச் சாக்கு இல்லை, பட்டுச்சேலை இருக்கிறது. ஒரு கையால் எடுக்கிறாள், அதுவும் முற்றிய இலையை. இரண்டு கையாலும் பறித்து, பிடி நிறைந்ததும் பார்க்காமலே தோளுக்கு மேலாகப் பின்னால் எறிகிற அந்த வீச்சு எங்கே? கயிறு உச்சந்தலையில் இருக்க வேண்டும். உன் அப்பாயியின் தலையில் முடிக்குள் விரல் வைத்தால் ஒரு பள்ளம் தட்டுப்படும். சின்ன வயதில் அதில் விரலை ஓட்டி விளையாடியவள் நீ. கணினி வரைந்து கொடுத்த படமென்று சொன்னாய். கணினிக்கு அப்பாயி இல்லை, உனக்கு இருந்தாள்.

இந்தக் கூடைக்காரி புதியவளும் இல்லை. 1890இல் தோமஸ் லிப்டன் இங்கே வந்து தோட்டங்களை வாங்கினார். கடைகளில் பெட்டியிலிருந்து அள்ளி நிறுத்துக் கொடுத்துக்கொண்டிருந்த தேயிலையைச் சின்னப் பொதிகளாக்கி, தோட்டத்திலிருந்து நேராகத் தேநீர்ப் பாத்திரத்துக்கு என்று விளம்பரம் செய்தார். தலையில் கூடை சுமந்த தமிழ்ப் பெண் அந்தக் காலத்து விளம்பரங்களிலேயே வந்துவிட்டாள். அன்றைக்கு அது புத்தி. இன்றைக்கு எல்லாப் பொதியிலும் அவளே நிற்கும்போது உன் பொதியை எப்படி அடையாளம் காண்பது? “படம் போடுவதென்றால் என்னைப் போடச் சொல்லுங்கள், நைலோன் பையும் மழைக்கோட்டுமாக” என்றாள் அம்மா. பகிடிக்குத்தான் சொன்னாள். ஆனாலும் யோசித்துப் பார்.

விலையைப் பார்த்ததும் அவள் கணக்குப் போட்டாள். நாலரைக் கிலோ பச்சைக் கொழுந்து ஏறக்குறைய ஒரு கிலோ தேயிலையாகும். அவள் ஒரு நாளில் பறிக்கிற 18 கிலோ கொழுந்தில் நாலு கிலோ தேயிலை, அதாவது உன் நூறு கிராம் பொதி நாற்பது. பொதி 900 ரூபாய் என்று போட்டிருக்கிறாய். நாற்பதுக்கு 36,000. அவளுடைய நாட்சம்பளம் 2024இல்தான் 1,350 ஆனது. “பிள்ளை நல்ல விலைக்குத்தான் விற்கிறாள்” என்று சொல்லிவிட்டு ரொட்டிக்கு மா பிசையப் போய்விட்டாள். இதைப் போஸ்டரில் போடு என்று சொல்லவில்லை. உனக்குத் தெரிந்திருக்கட்டும்.

உன் ஆய்வுக்கு 64 பேர் பதில் போட்டிருக்கிறார்கள் என்றாய். அத்தனை பேரும் உன் வகுப்புப் பிள்ளைகளும் அவர்களுடைய சிநேகிதர்களும். போன சனிக்கிழமை நான் ஸ்டேஷன் பக்கத்துக் கடையில் இரண்டு மணி நேரம் உட்கார்ந்திருந்தேன். ரயிலிலிருந்து இறங்கிய வெள்ளைக்காரர்களில் பதினொரு பேர் தேயிலைப் பொதியைக் கையில் எடுத்தார்கள். ஒன்பது பேர் முதலில் செய்தது, பொதியைத் திருப்பிப் பின்பக்கத்தை வாசித்தது. ஒரு பெண் கடைக்காரரிடம், இது எந்த மாதத்துத் தேயிலை என்று கேட்டாள். அவருக்குச் சொல்லத் தெரியவில்லை. உன் பொதியின் பின்பக்கத்தில் பட்டைக்குறியைத் தவிர ஒன்றுமில்லை.

அந்தப் பெண்ணுக்கு நான் சொல்லியிருப்பேன், இங்கிலிஷ் வந்திருந்தால். ஜூலையிலிருந்து செப்டம்பர் வரை நம் மலையில் அடிக்கிற காற்றைப் பற்றித்தான். தென்மேற்குப் பருவக்காற்று மேற்குப் பக்கத்து மலைகளில் மழையைக் கொட்டித் தீர்த்துவிட்டு, இந்தப் பக்கம் வெறும் உலர்ந்த காற்றாக இறங்குகிறது. அந்தக் காற்றில் கொழுந்து வளர மாட்டேன் என்று அடம்பிடிக்கும். ஆனால் உள்ளே வாசம் ஏறிவிடும். ஊவாத் தேயிலைக்கு உலகத்தில் இருக்கிற பெயர் இந்தச் சில கிழமைகளில் கிடைப்பது. தோட்டத்துக்கு நல்ல விலை, அம்மாவுக்குக் கிலோ குறைவு. விடியற்காலை உதட்டில் தேங்காயெண்ணெய் தடவிக்கொண்டு மலைக்குப் போகிறாள். மாலையில் வரும்போது உதடு வெடித்திருக்கிறது. பையைக் கவிழ்த்தால் அடியில் கிடக்கிற இலைத்தூளில் ஒரு மணம் வருகிறதே, அது மற்ற மாதங்களில் வராது. உன் மூன்று போஸ்டர்களிலும் ஓர் இலைகூட அசையவில்லை. நான் முப்பது வருடத்தில் ஒரு பலகையிலாவது காற்றை எழுதியிருக்கிறேனா என்று யோசித்துப் பார்த்தேன். இல்லை. எனக்கு வழி தெரியவில்லை. நீ படித்த பிள்ளை, உனக்குத் தெரியலாம்.

மறந்துவிடுவேன். ‘1867 முதல்’ என்று அடியில் போட்டிருப்பதை எடுத்துவிடு. அது ஜேம்ஸ் டெய்லர் கண்டிப் பக்கம் லூல்கந்துரவில் 19 ஏக்கரில், இலங்கையில் முதன்முதலாக வியாபாரத்துக்குத் தேயிலை வைத்த வருடம். உன் பொதிக்கு வயது மூன்று கிழமை. சிங்கச் சின்னத்தையும் எடு. கலப்பில்லாத இலங்கைத் தேயிலையை இங்கேயே பொதி செய்து, தேயிலைச் சபையின் அனுமதியும் பெற்றவர்களுக்குத்தான் அது. பாடவேலைதானே என்று நினைக்காதே, புள்ளி போடுகிறவருக்கு இதெல்லாம் தெரிந்திருக்கும்.

செவ்வாய்க்கிழமை இரவு பஸ்ஸில் ஒரு பார்சல் வருகிறது. மகரகமவில் நின்று வாங்கிக்கொள், கொண்டக்டர் தெரிந்த பிள்ளைதான், காசு கொடுக்காதே. என்னுடைய தட்டை நுனித் தூரிகைகள் மூன்று, கோடு போடுகிற நீலத்தூள் கயிறு, அரை டின் சிவப்பு எனாமல் வைத்திருக்கிறேன். ‘ஊவாத் தேயிலை’ என்பதைக் கணினியில் தேடாமல் ஒருமுறை கையால் எழுதிப் பார். முதலில் கொம்பு, பிறகு ‘த’, இரண்டுக்கும் இடையில் ஒரு நெல் நுழையாத இடம். அம்மா இந்தக் காற்று மாதத்துத் தேயிலையில் கொஞ்சம் கட்டி வைத்திருக்கிறாள், பெயின்ட் மணம் ஏறாமல் இருக்கத் தனிப் பையில். டின்னின் மூடி கொஞ்சம் தளர்வு, பையை நிமிர்த்தியே பிடி.

சேவல் நிற்கிற படத்தை வெட்டாமல் போடு.

அப்பா