மாலதிக்கு, உன் உணவு அட்டவணையைப் பற்றி

அன்பு மாலதி,

உன் கடிதம் கிடைத்தது. மகள் தனி வீடு பார்த்துப் போய்விட்டாள் என்று படித்ததும் உன்னை நினைத்துக்கொண்டேன். சந்தோஷம்தான், இருந்தாலும் வீடு வெறிச்சென்று இருக்கும். இங்கே எல்லோரும் நலம். அவருக்கு மூட்டுவலி குறைந்திருக்கிறது, காலையில் தவறாமல் நடக்கிறார். நான் ஓய்வு பெற்றபின், கடனில் சிக்கிய குடும்பங்களுக்கு வரவு செலவுக் கணக்குப் போட்டுத் தருகிற ஒரு சிறு குழுவில் சேர்ந்திருக்கிறேன். மனதுக்கு நிறைவான வேலை. அதனால்தானோ என்னவோ, உன் கடிதத்தின் கடைசிப் பக்கம் என்னை விடவே இல்லை.

எத்தனை தடவை சொன்னாலும் நோயாளிகள் நீ எழுதிக் கொடுக்கும் உணவு அட்டவணைப்படி சாப்பிடுவதில்லை, விழிப்புணர்வே இல்லை என்று எழுதியிருந்தாய். உன் அலுப்பு புரிகிறது. ஆனால் இந்த ஒரு விஷயத்தில் உன்னோடு ஒத்துப்போக முடியவில்லை. எங்களிடம் வருகிற பெண்களுக்கு எது சத்து என்று நன்றாகவே தெரியும். பிள்ளைக்குப் பழம் வாங்கிக் கொடுக்க முடியவில்லையே என்று சொல்லும்போதே சிலருக்குக் கண் கலங்கிவிடுகிறது. தெரியாதவர்கள் எதற்காகக் கலங்கப் போகிறார்கள்?

அவர்களோடு உட்கார்ந்து கணக்கு எழுதினால் நீயே பார்த்துவிடுவாய். வாடகையைக் குறைக்க முடியாது. தவணையைத் தள்ளிப்போட்டால் வட்டி ஏறும். பேருந்துக்குப் பணம் இல்லாவிட்டால் வேலைக்கே போக முடியாது. மாதக் கடைசியில் கைவைக்க முடிகிற ஒரே செலவு சாப்பாடு. அதிலும் வயிற்றை நிரப்பும் தானியத்தை விட்டுவிட முடியாது, அதனால் காயும் பழமும்தான் முதலில் போகும். வருமானம் குறையக் குறைய அதில் சாப்பாட்டுக்குப் போகும் பங்கு கூடுகிறது என்று எர்ன்ஸ்ட் எங்கெல் என்ற ஜெர்மானியப் புள்ளியியலாளர் 1857-லேயே கண்டு சொல்லிவிட்டார். வரும் பணத்தில் பெரும்பங்கு சாப்பாட்டுக்கே போகிற வீட்டில், காய் விலை கொஞ்சம் ஏறினாலும் அன்றே தட்டில் தெரிந்துவிடும்.

இது சில குடும்பங்களின் கதை மட்டும் இல்லை. ஐ.நா.வின் உணவு மற்றும் வேளாண்மை அமைப்பும் உலக சுகாதார நிறுவனம், யுனிசெஃப் போன்றவையும் சேர்ந்து ஆண்டுதோறும் ஓர் அறிக்கை வெளியிடுகின்றன. 2025-ல் வந்த அறிக்கைப்படி, முந்தைய ஆண்டில் ஆரோக்கியமான உணவை வாங்க வசதியில்லாதவர்கள் உலகில் சுமார் 260 கோடிப் பேர். வருமானம் குறைந்த நாடுகளில் நூற்றுக்கு 72 பேருக்கு இதே நிலை. பசியை மட்டும் அடக்கும் மாவுச்சத்துச் சாப்பாட்டைவிட ஆரோக்கியமான உணவுக்குச் சராசரியாக 5 மடங்கு செலவாகும் என்று 2020 அறிக்கை சொன்னது.

இந்தக் கணக்கை எப்படிப் போடுகிறார்கள் என்று தெரிந்தபோதுதான் எனக்குத் திக்கென்றது. தானியம், பருப்பு, காய், பழம் என்று ஒவ்வொரு வகையிலும் அந்தந்த நாட்டுச் சந்தையில் கிடைப்பதிலேயே மலிவானதை எடுத்து, ஒரு ஆளுக்கு ஒரு நாளைக்கு 2,330 கலோரி வருகிற மாதிரி கூட்டுகிறார்கள். ருசிக்கோ விருப்பத்துக்கோ அதில் இடமே இல்லை. அதைக்கூட வாங்க முடியாதவர்கள்தான் இந்த 260 கோடிப் பேர். அடுப்பெரிக்கும் செலவு, சமைக்கும் நேரம், கெட்டுப்போய்க் கொட்டுவது எதுவும் அந்தக் கணக்கில் சேராது. இரண்டு இடத்தில் வேலை செய்துவிட்டு இரவு வீடு திரும்பும் பெண்ணுக்குக் காய் நறுக்கவும் பருப்பு வேகவைக்கவும் ஆகும் நேரம் தூக்கத்திலிருந்துதான் வர வேண்டும். மொத்தமாக வாங்கினால் மலிவு என்று நாம் சுலபமாகச் சொல்லிவிடுகிறோம். அதற்குக் கையில் சேர்ந்தாற்போல் பணம் வேண்டும், வைக்க இடம் வேண்டும், பல பொருள்களுக்கு ஃபிரிட்ஜ் வேண்டும்.

இன்னொன்று, நம் இருவர் கண்ணிலும் படாதது. கெய்ட்லின் டேனியல் என்ற அமெரிக்கச் சமூகவியலாளர் பெற்றோர்களிடம் விரிவாகப் பேசியும், அவர்களோடு கடைக்குப் போயும் ஓர் ஆய்வு செய்து 2016-ல் வெளியிட்டார். பழக்கமில்லாத ஒரு உணவு குழந்தைக்குப் பிடித்துப்போக 8 முதல் 15 தடவை கொடுத்துப் பார்க்க வேண்டியிருக்கும். வசதியுள்ள வீட்டில் பிள்ளை துப்பினால் அடுத்த வாரம் மறுபடி கொடுத்துப் பார்க்கலாம். கையில் காசில்லாத தாய்க்கு, பிள்ளை ஒதுக்கிய காய் வீணாய்ப் போன பணம். அதற்குப் பதிலாக வேறு ஏதாவது கொடுத்துப் பசியாற்றவும் வேண்டும். அதனால் பிள்ளை நிச்சயம் சாப்பிடும் என்று தெரிந்ததையே வாங்குகிறாள், அது பல நேரம் சத்துக் குறைந்ததாகவே இருக்கிறது. இதை அறியாமை என்று எப்படிச் சொல்வது? அவள் போடுவது மிகக் கச்சிதமான கணக்கு.

பள்ளியில் எல்லாப் பிள்ளைகளுக்கும் இலவசமாக நல்ல சாப்பாடு போட வேண்டும் என்று நான் சொல்வதும் அதனால்தான். பசியாற்றுவது ஒரு பக்கம். அப்புறம், பக்கத்துப் பிள்ளை சாப்பிடுவதைப் பார்த்து இதுவும் ஒரு வாய் வைத்துப் பார்க்கும். வேண்டாம் என்று தள்ளினாலும் அந்த நஷ்டம் தாய் தலையில் விழாது. பெரியவர்களுக்கோ கூலி உயர்வதும், கையில் நேராகப் பணம் கிடைப்பதும்தான் முதலில் வேண்டும். சர்க்கரைப் பானங்களுக்கு வரி போடட்டும், எனக்கு ஆட்சேபம் இல்லை. ஆனால் அந்தப் பணம் காய், பழத்தின் விலையைக் குறைக்கப் போக வேண்டும். தானியத்தைக் காயவைத்து மாதக்கணக்கில் சேமிக்கலாம். காயும் பழமும் வழியிலேயே வாடிப்போகும், அந்த நஷ்டமும் விலையில்தான் ஏறுகிறது. குளிர்பதனக் கிடங்கும் நல்ல சாலையும்கூட உன் துறையைச் சேர்ந்தவைதான், மாலதி.

உன்னால் நாளைக்கே செய்ய முடிகிற ஒன்றும் இருக்கிறது. அட்டவணையைக் கையில் கொடுப்பதற்கு முன், வீட்டில் யார் சமைக்கிறார்கள், எப்போது சமைக்கிறார்கள், ஃபிரிட்ஜ் இருக்கிறதா, ஒரு வாரத்துக்குச் சாப்பாட்டுக்கு எவ்வளவு ஒதுக்க முடியும் என்று கேள். உலக சுகாதார நிறுவனம் நாளுக்கு 400 கிராம் காயும் பழமும் என்று சொல்கிறது. நூறு கிராம்தான் முடிகிறது என்று ஒருத்தி சொன்னால், அந்த நூறிலிருந்தே தொடங்கு. அவளைத் திட்டாதே.

உன் அட்டவணையில் ஒரு பிரதி எனக்கு அனுப்பி வை. நான் ஒரு வாரத்துக்கான செலவை வரிவரியாகப் போட்டுத் திருப்பி அனுப்புகிறேன், எரிபொருளும் நேரமும் சேர்த்து. பார்த்துவிட்டுச் சண்டை போடுவதானால் போடு, ஆனால் சீக்கிரம் எழுது.

அன்புடன்,
உன் சாந்தி