ஆண்டறிக்கை: நாலு நடை போயும் ஏன் ஒரு மான் கூட கண்ணுல படல

தலைவர் ஐயா, பொருளாளர் அக்கா, மெம்பர்ஸ் எல்லாருக்கும் வணக்கம். போன வருஷம் என் அறிக்கைல ரெண்டு பேர் தூங்கிட்டீங்க, அதனால வரவு செலவை கடைசியில வச்சிக்கிறேன், முதல்ல வருஷம் பூரா போன் போட்டு என்னை வறுத்தெடுத்த கேள்விக்கு வரேன். காட்டு நடைனு சொல்லி கூட்டிட்டு போறீங்க, ஒரு மானைக் கூட காட்டல, அப்புறம் எதுக்கு சந்தா?

இந்த வருஷம் நாலு நடை போனோம். பார்த்தது காஞ்சு போன யானை லத்தி, கொஞ்சம் கால்தடம், ஒரு மயில் (அது நம்ம தெருவுலயே மொட்டை மாடில நிக்குது). மூணாவது நடைல முப்பது பேர், ஒருத்தர் கைல ப்ளூடூத் ஸ்பீக்கர், பேர் சொல்லல.

ஜூலை மாசக் கூட்டத்துல பேசினது ஞாபகம் இருக்கும்னு நினைக்கிறேன், மழைனால பாதிப்பேர் வரல, அதனால மறுபடி சொல்றேன். தென்னாப்பிரிக்கால க்ரூகர் பூங்கா பக்கம் லியானா ஜானெட்னு ஒரு கனடா ஆராய்ச்சியாளரும் அவங்க டீமும் 21 தண்ணி குட்டைகள்ல கேமராவும் ஸ்பீக்கரும் சேர்ந்த பெட்டியை மரத்துல கட்டி வச்சாங்க, தண்ணி குடிக்க விலங்கு கிட்ட வந்தா தானா ஒரு சத்தம் வரும், ஒரு தடவை சிங்கம் உறுமும், ஒரு தடவை நாய் குரைக்கும் இல்ல துப்பாக்கி வெடிக்கும், ஒரு தடவை பறவை, ஒரு தடவை சும்மா மனுஷங்க பேச்சு. கத்தல் எல்லாம் கிடையாது, சோங்கா, ஆஃப்ரிகான்ஸ் மாதிரி அங்க பேசுற பாஷைகள்ல சாதாரணப் பேச்சு. 2023ல ரிசல்ட் வந்துச்சு. சிங்க உறுமலை விட மனுஷக் குரலுக்கு ஓடுறதுக்கான வாய்ப்பு ரெண்டு மடங்கு, குட்டையை விட்டு 40 சதவீதம் சீக்கிரமா கிளம்பிடுதுங்க. ஒட்டகச்சிவிங்கி, வரிக்குதிரை, சிறுத்தை, கழுதைப்புலி, காண்டாமிருகம், யானை எல்லாம் இதே கதைதான். துப்பாக்கி சத்தத்தை விட நம்ம பேச்சுக்கு பயம் ஜாஸ்திங்கறதுதான் எனக்கு தூக்கிவாரிப் போட்டுச்சு.

வீடியோல ஒரு யானை, ராத்திரி நேரம், சிங்கம் உறுமின உடனே ஓடல, நேரா வந்து பெட்டியை அடிச்சு நொறுக்கிடுச்சு. மனுஷக் குரல்னா யானைங்க மெல்ல நழுவிடுதுங்க. சிங்கம்கிட்ட சண்டைக்கு போகலாம், நம்மகிட்ட முடியாதுனு அதுக்கு தெரிஞ்சிருக்கு போல.

டூரிஸ்ட் வண்டி தினமும் வர்ற இடம், பழகிடும்ல, அப்படினு நம்ம வாத்தியார் ஐயா அன்னைக்கு கேட்டார். பழகலங்கறதுதான் விஷயம். ஏன்னா சிங்கம் நோஞ்சானையும் குட்டியையும் பார்த்து அடிக்கும், நாம நல்லா வளர்ந்ததையே கொல்றோம், மத்த வேட்டை விலங்குகளை விட 14 மடங்கு வரைக்கும்னு 2015ல ஒரு கணக்கு வந்துச்சு. கென்யால அம்போசெலி பூங்கா யானைங்க இன்னும் விவரம், ஈட்டி பிடிக்கிற மாசாய் இனத்து ஆம்பளைங்க குரல் கேட்டா ஒண்ணா கூடி பின்வாங்குதுங்க, பொம்பளைங்க, பசங்க குரலுக்கு அவ்வளவு இல்ல, பக்கத்துலயே இருக்கிற கம்பாங்கற இன்னொரு இனத்து ஆளுங்க பேசினாலும் அவ்வளவு இல்ல.

இதுல நல்லதும் ஒண்ணு இருக்கு, கள்ள வேட்டை நடக்கிற பக்கம் மனுஷக் குரலைப் போட்டு காண்டாமிருகத்தை ஒதுக்கி வைக்கலாமானு அந்த க்ரூகர் டீமே யோசிச்சிருக்காங்க.

அதனால செயற்குழு முடிவு: அடுத்த நடைல பத்து பேருக்கு மேல கிடையாது, பேச்சு இல்ல, ஸ்பீக்கர் கண்டிப்பா இல்ல. பொருளாளர் அக்கா இதை எதிர்த்தாங்க, பேசாம நடக்கணும்னா வீட்டுலயே இருப்பேன்னு சொன்னாங்க, அதையும் பதிவு பண்ணியாச்சு.

வரவு செலவு தாள் சுத்தி வருது, பார்த்துக்கோங்க, வேன் வாடகைலதான் பாதி போச்சு. சந்தா பாக்கி இருக்கவங்களுக்கு அவங்களே தெரியும். அப்புறம் சங்கத்து பைனாகுலர் ஒண்ணு திரும்பி வரல, எடுத்தவங்க ரூம் ஜன்னல்ல வச்சிட்டு போயிடுங்க, யாருன்னு கேக்க மாட்டேன்.