அந்தக் குளிசையை வீட்டுக்குள் வைக்காதே

கொக்கட்டிச்சோலை

அன்புள்ள மகனுக்கு,

அரிசி மூடையில் வண்டு விழுந்துவிட்டது, கூட்டாளி ஒருவர் களஞ்சியத்தில் போடும் குளிசை தந்திருக்கிறார் என்று தொலைபேசியில் சொன்னாய். அந்த டப்பாவைத் திறக்காதே மகன். அப்படியே அவரிடம் திருப்பிக் கொடுத்துவிடு. அது அலுமினியம் பொஸ்பைட். காற்றின் ஈரம் பட்டாலே பொஸ்பின் என்ற நச்சு வாயு கிளம்பும். அதற்கு முறிவு மருந்து கிடையாது. மூடை இருக்கும் அறைக்கு அடுத்த அறையில்தானே பிள்ளை தூங்குகிறது? ஆளில்லாத களஞ்சியத்தில், காற்றுப் புகாமல் மூடி, பயிற்சி பெற்றவர்கள் போடுகிற நஞ்சு அது. அரைகுறையாக மூடிப் போட்டால் தப்பிப் பிழைக்கும் வண்டுகள்தான் பெருகும். பொஸ்பினுக்கு அசையாத வண்டுகள் இப்போது பல நாடுகளில் இருக்கின்றன.

அம்மா கறுவா இலை எண்ணெய் ஒரு சிறு போத்தல் அனுப்புகிறாள். பட்டை எண்ணெய் வேறு. இலை எண்ணெயில் யூஜினோல் என்ற பொருள்தான் மிகுதி, கராம்பின் காரமும் அதுவே. அதன் ஆவி வண்டின் மூச்சுத்துளை வழியே போய் நரம்பைத் தாக்கும். ஆனால் அதை மட்டும் நம்பியிருந்தால் ஏமாந்துபோவாய். ஓர் அரிசியை எடுத்துப் பிளந்து பார். பெண் வண்டு நீண்ட மூக்கால் குழி துளைத்து, முட்டையிட்டு, பசையால் வாயை அடைத்துவிடும். புழு உள்ளேயே தின்று வளரும். அங்கே இந்த ஆவி எளிதில் போய்ச் சேராது.

ஆகவே முதலில் அரிதட்டில் அரித்து, சுளகில் புடைத்து, படங்கில் பரப்பிச் சிறிது நேரம் வெயில் காட்டு. வண்டுகள் தாமாகவே ஓடும். பிறகு இறுக்கமான மூடியுள்ள வாளியில் போடு. எண்ணெயை அரிசியில் ஊற்றிவிடாதே, சோறு முழுக்க மணக்கும். பஞ்சில் சில துளி விட்டு, சீலைத்துண்டில் முடிந்து, மூடியின் உட்புறம் அரிசியில் படாமல் கட்டு. மணம் சீக்கிரம் பறந்துவிடும். வாரத்துக்கொரு தடவை புதிதாக விடு. உள்ளே இருந்த புழுக்கள் வண்டாகி வெளிவர ஒரு மாதமளவில் ஆகும், அதனால் அடுத்த மாதமும் ஒருமுறை அரித்துப் பார். பயறுக்கும் இதே முறைதான்.

போத்தலைப் பிள்ளையின் கைக்கு எட்டாமல் வை. விழுங்கினால் ஆபத்து. சிறுபோகத்துக்கு வைத்திருக்கும் விதைநெல்லுக்கு இங்கே நான் இதைப் போடவில்லை. எண்ணெய் கூடினால் முளைப்பைக் கெடுக்கும். அதை நன்றாகக் காயவைத்து, ஈரம் 13 வீதத்தைத் தாண்டாமல் கட்டி வைத்திருக்கிறேன்.

டப்பாவைக் கொடுத்ததும் அம்மாவுக்கு ஒரு வார்த்தை சொல். அவளுக்கு இரவில் தூக்கமில்லை.

அன்புடன்,
அப்பா